ஓபேத் மஷிலோவின் இடது கால்

டிங், டாங், டிங். மறுபடியும் டிங், டாங், டிங். மூன்றாவது தடவையும் அதுவே வந்தால் ஓபேத் மஷிலோ கையிலிருக்கும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, இடது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். மேசை அதிரும். மேசைமேல் சுழலும் இசைத்தட்டின் கீறலில் மாட்டிக்கொண்ட முள் துள்ளி, கொஞ்சம் தள்ளிப் போய் விழும். பாட்டு தொடரும். அவர் பெட்டியை எடுத்து, யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கால்சட்டையில் விட்ட இடத்திலிருந்து மடிப்பைப் பிடிப்பார். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. நாமெல்லாம் தும்முகிற மாதிரி அவர் மிதிக்கிறார், அவ்வளவுதான்.

மமெலோடி என்ற ஊரில் அவர் வீட்டுக்கு இரண்டு பக்கமும் குடியிருப்பவர்கள் அந்த மிதிக்குப் பழகிப்போனார்கள். வலப்பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைகூட டிங் டாங் டிங் கேட்டதும் பால் புட்டியை இறுகப் பிடித்துக்கொள்ளும். பழகாத ஒரே ஜீவன் அவர் மனைவி மொக்காடி அம்மாள். அலமாரியில் அவர் அடுக்கி வைத்திருக்கும் பீங்கான் தட்டுகள் ஒவ்வொரு மிதிக்கும் துளித் துளியாக முன்னால் நகர்ந்து வரும். சனிக்கிழமை தவறாமல் அவற்றைப் பின்னுக்குத் தள்ளி வைப்பது அவர் வேலை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் ஒரு அட்டையை மடித்துச் செருகிவிட்டார். மேசை கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துகொண்டது. ஓபேத் செருப்பு வார் அறுகிறவரை மிதித்தும் முள் நகரவில்லை.

“மேசைக்கு என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகல. இன்னிக்குத்தான் மேசையா நிக்குது.”

“அது நின்னா பாட்டும் நின்னுடுதே. அந்த அட்டைய எடு.”

“என் பீங்கான் உடைஞ்சா?”

“பீங்கான் உடைஞ்சா வேற வாங்கலாம். தட்டுல வாசிக்கற இவன் இங்கயே நின்னுட்டான்னா நான் எங்க போய்த் தேடுவேன்?”

அட்டை எடுக்கப்பட்டது. பீங்கான் இன்றைக்கும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

ஓபேத்துக்குத் தொழில் துணி தேய்ப்பது. வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகைதான் கடை. கார் ஒருநாளும் இருந்ததில்லை. ஊரில் கல்யாணம், கருமாதி, சர்ச் என்று எதற்குப் போவதென்றாலும் அவர் கைப்பட்ட கோட்டில்தான் போவார்கள். கால்சட்டையில் அவர் எடுக்கிற மடிப்பில் விரல் வைத்தால் அறுக்கும் என்று பேச்சு. ஒரே ஒரு கோளாறு உண்டு. வெள்ளிக்கிழமை தேய்க்கக் கொடுத்த கோட்டு திங்கட்கிழமைதான் திரும்பும். நடுவில் வருகிற ஞாயிற்றுக்கிழமை அது எங்கே இருக்கும் என்பது ஊரறிந்த சங்கதி. அவருடைய ஆட்டச் சங்கக் கூட்டத்தில் தன் சொந்தக் கோட்டு எதிரில் நடந்து வருவதைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் பலர்.

“அண்ணே, அது என் கோட்டு இல்ல?”

“உன்னோடதுதான். தோள் எப்படி விழுதுன்னு பாக்க வேணாமா? ஆணியில தொங்கவிட்டா தெரியாது. ஆடிப் பாத்தாத்தான் தெரியும்.”

“எப்படி விழுது?”

“உனக்கு விழறதவிட நல்லாவே விழுது.”

ஆட்டம் என்றால் ஜாஸ் ஆட்டம். இந்தப் பக்கத்து ஊர்களில் ஞாயிறு மதியமானால் ஆண்களும் பெண்களும் தலையில் தொப்பி, காலில் இரட்டை நிறச் சப்பாத்து, கக்கத்தில் இசைத்தட்டு சகிதம் ஏதாவது ஒரு கூடத்தில் சேர்ந்துவிடுவார்கள். எல்லா ஊரிலும் சங்கம் உண்டு. மமெலோடியில் ஓபேத் தலைவராக இருக்கும் சங்கத்துக்கு மாலைக்காற்று என்று பெயர். கூட்டம் மதியமே ஆரம்பித்துவிடும், அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

ஜாஸ் உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டால் “செவுத்து வழியா” என்பார். பொய்யில்லை. இளவட்டமாக இருந்தபோது அவரிடம் ரேடியோ இல்லை. பக்கத்து வீட்டில் இருந்தது. தலையணையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஒரு காதைச் சுவருக்கும் ஒரு காதைத் தலையணைக்கும் கொடுத்துப் படுத்துக்கொள்வார். பக்கத்து வீட்டம்மா பக்தி மிகுந்தவர். ஜெபத்துக்கு நேரமானால் பாட்டு எங்கே இருக்கிறது என்றெல்லாம் பார்க்கமாட்டார், படக்கென்று ரேடியோவின் காதைத் திருகி அணைத்துவிடுவார். வாசித்தது இன்னார் என்று அறிவிப்பாளர் சொல்கிற கட்டம் ஓபேத்தின் காதுக்கு ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை. அதனால் என்ன, அவரே பெயர் வைத்தார். தயங்கித் தயங்கிப் பியானோ வாசித்தவர் ‘சாவியைத் தொலைச்சவன்’. எக்காளத்தின் வாய்க்கு மூடி போட்டு ஊதியவர் ‘மூக்கடைப்பு’. தொண்டை கட்டின குரலில் ப்ளூஸ் பாடின அம்மாள் ‘மாமியார்’.

ப்ளூஸைப் பற்றி அவருக்கு ஒரு தனிக் கொள்கையே உண்டு. கோட்டு வாங்க வருகிறவர்களை நிற்க வைத்து விளக்குவார். “ஒருத்தன் வந்து தன் கஷ்டத்த ஒரு வரியில சொல்றான். நமக்குக் காது கேக்கலையோன்னு அதையே மறுபடி சொல்றான். அப்பவும் நாம அசையலன்னு தெரிஞ்சதும், போங்கடா நீங்களும் உங்க காதும்னு மூணாவது வரியில விஷயத்தப் போட்டு ஒடச்சிடறான். இவ்வளவுதான் ப்ளூஸு. எங்க வீட்ல தெனம் நடக்குது.”

மொக்காடி அம்மாள் உள்ளேயிருந்து, “குப்பைய வெளிய வைங்க. குப்பைய வெளிய வைங்க,” என்பார். சற்று நேரம் கழித்து மூன்றாவது வரியும் வரும்.

சுவர் போதாமல் போனதும் கடைக்குப் போனார். நகரத்தில் மராபஸ்டாட் கடைத்தெருவில் மூன்சாமியின் இசைத்தட்டுக் கடை இருந்தது. மூன்சாமியின் தாத்தாவுக்குத் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர். பேரனுக்கு மிஞ்சியிருந்த தமிழ் வா, போ, சாப்பிடு மூன்றுதான். மற்றதெல்லாம் ஊர்ப் பேச்சு. கடை வாசலில் ஒலிபெருக்கி கட்டியிருப்பார். நடைபாதையில் நின்றபடியே ஊர் முழுக்கக் கேட்கும், ஆடும். ஓபேத்தும் அங்கே நின்றுதான் கேட்டார். என்ன, பாட்டு பாதியில் இருக்கும்போது மமெலோடி பஸ் வந்துவிடும். அதை விட்டால் நடைதான். இப்படிப் பல நல்ல பாட்டுகளின் பின்பாதியை அவர் பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாக, பிறர் ஆடுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

ஒருநாள் துணிந்து கடைக்குள் போய்க் கேட்டேவிட்டார்.

“சாவியத் தொலைச்சவன் இருக்கானா?”

“யாரு?” என்றார் மூன்சாமி.

“முதல்ல இங்க தேடுவான். அப்புறம் அங்க தேடுவான். கெடச்சதும் ஒரே ஓட்டம் ஓடுவான்.”

மூன்சாமி மோவாயைத் தடவினார். பிறகு அலமாரியின் அடிவரிசையிலிருந்து ஒரு தட்டை உருவி முள்ளை வைத்தார். அவனேதான். அன்றிலிருந்து இருவருக்கும் ஒரு பாஷை உண்டாகிவிட்டது. கடையில் மற்றவர்கள் பெயர் சொல்லிக் கேட்டால் மூன்சாமி தேடுவார். ஓபேத் வந்து கையை ஆட்டினால் தேடாமல் எடுப்பார்.

ஓபேத்துக்கு மிகவும் வேண்டியவன் வேறொருவன். சுவர் வழியாக முதலில் கேட்டபோது எவனோ சமையலறையில் தட்டுகளைத் தட்டுகிறான் என்றுதான் நினைத்தார். டிங் என்று தொட்டால் அந்த ஓசை காற்றில் நின்று ஆடும். அவனுக்குத் ‘தட்டுக்காரன்’ என்று பெயரிட்டார். அவன் தடியாக, கருணையான முகத்தோடு, வேட்டு வைத்தாலும் பதறாதவனாக இருப்பான் என்று முடிவும் செய்துகொண்டார். மூன்சாமி அவனைத் தேடித் தந்தது ஒரு நனைந்த அட்டைப்பெட்டியின் அடியிலிருந்து. தட்டின் நடுவிலிருந்த காகிதம் ஈரத்தில் அழிந்திருந்தது. உறை வேறேதோ சர்ச் பாடகர் குழுவுடையது.

“கீறல் இருக்கு,” என்றார் மூன்சாமி.

“எனக்கும் இருக்கு. குடுங்க,” என்றார் ஓபேத்.

ஊருக்கு டி.வி. வந்தபோது அதுவும் பக்கத்து வீட்டுக்குத்தான் முதலில் வந்தது. மின்சாரம் வராத காலம், கார் பாட்டரியில் ஓடியது. ஒரு சாயங்காலம் அதில் ஜாஸ் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓபேத் இஸ்திரிப் பெட்டியை மறந்துவிட்டு ஓடினார். திரையில் ஒரு ஆள் இரும்புக் கட்டில் மாதிரி ஒன்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கட்டிலில் மெத்தைக்குப் பதில் உலோகப் பட்டைகள். கையில் நூல் உருண்டை செருகிய குச்சிகள். ஒரு கைக்கு இரண்டாக நான்கு. அந்த வாத்தியத்துக்கு வைப்ரபோன் என்று பெயர் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அதுவரை கூட்டத்தில் தட்டுக்காரனுக்காக ஆடும்போதெல்லாம் ஓபேத் இடது கையில் இல்லாத தட்டைப் பிடித்து வலது கையால் தேய்த்துக் கழுவுகிற பாவனைதான் காட்டிக்கொண்டிருந்தார். ஊரும் அதை ரசித்துக்கொண்டிருந்தது.

அவர் அசரவில்லை. “இவன் யாரோ வேற ஆளு. நம்மாளு தட்டுதான் வாசிக்கிறான்,” என்று சொல்லிவிட்டு, செய்தி நேரம் வந்து நிகழ்ச்சி பாதியில் நின்றதும் எழுந்து போய்விட்டார். ஆனால் அந்த வாரம் முழுக்கக் கொட்டகையில் அவர் இரண்டு கைகளிலும் இரண்டிரண்டு துணி மாட்டும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு தேய்ப்பு மேசையைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. அடுத்த ஞாயிறு ஆட்டத்தில் பாத்திரம் கழுவுவது போய் கட்டில் தட்டுவது வந்துவிட்டது. யாரும் காரணம் கேட்கவில்லை. கேட்டால் அவமானமாகிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

சங்கத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வாத்தியக்காரர். அவர் தனியாக வாசிக்கிற கட்டம் வந்தால் அவரைத் தன் ஆளாக வைத்திருப்பவர் மட்டும்தான் எழுந்து ஆடலாம். மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி தோளை அசைத்துக்கொள்ளலாம், எழுந்தால் மரியாதைக் குறைவு. தட்டுக்காரன் ஓபேத்தின் ஆள். கூடத்தின் தரை பலகைத் தரை என்பதால் அங்கேயும் டிங் டாங் டிங் மாட்டிக்கொண்டால் ஒரு மிதியில் சரியாகிவிடும். ஆரம்பத்தில் அவர் மட்டும்தான் மிதித்தார். பிறகு உதவிக்கு நாலு பேர் மிதித்தார்கள். பிறகு சங்கமே மிதித்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அது பாட்டிலேயே இருப்பது என்று நினைத்துக்கொண்டார்கள். தெருவில் பிள்ளைகள் அந்தப் பாட்டை முணுமுணுத்தால் டிங் டாங் டிங்கை மூன்று தடவை சொல்லி ஒரு மிதி வைப்பார்கள். கல்யாணப் பெண் ஒருத்தி வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். சங்கத்தின் பழைய பொருளாளரை அடக்கம் செய்தபோது குழிப் பக்கத்தில் அந்தத் தட்டைச் சுழலவிட்டு எல்லாரும் ஒரு மிதி மிதித்ததில், பாஸ்டர் பைபிளை நழுவவிட்டார்.

இப்படியிருக்கும்போதுதான் சோவெட்டோவிலிருந்து ஒரு சங்கம் விருந்துக்கு வருவதாகச் சேதி வந்தது. கூடவே இன்னொரு சேதியும். அவர்களில் லிவிங்ஸ்டன் மடூனா என்று ஒருவர் இருக்கிறாராம். அவருடைய ஆளும் அதே தட்டுக்காரன்தானாம். ஒரே கூடத்தில் ஒரே வாத்தியக்காரனுக்கு இரண்டு பேர் எழுந்து நிற்கிற வழக்கமே கிடையாது. அப்படி வந்தால் இருவரும் ஒரே பாட்டுக்கு ஆட வேண்டும். யார் சரியாக ஆடுகிறாரோ ஆள் அவருக்கு. தோற்றவர் அதற்கப்புறம் எந்தக் கூடத்திலும் அவனுக்காக எழ முடியாது. வேறு ஒருவனைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

ஓபேத்துக்குச் சோறு இறங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சட்டையைக் கருக்கினார்.

“இந்த வயசுல போய்ப் புது ஆளப் பழக முடியுமா?” என்று மனைவியிடம் கேட்டார். “மிச்சமிருக்கறது ஒரு கிடார்க்காரன். அவன் வாசிச்சா எனக்குக் கொட்டாவி வருது.”

“தோத்தா வீட்ல என்னோட உக்காருங்க. நான் கொட்டாவி விடமாட்டேன்.”

“வெளையாடாத மொக்காடி.”

“நான் எங்க வெளையாடறேன்?” என்ற மொக்காடி அம்மாள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சி வைத்தார். அவர் அதையும் தொடவில்லை.

அந்த ஞாயிறு வந்தது. லிவிங்ஸ்டன் மடூனா பஸ்ஸிலிருந்து இறங்கினார். ஒல்லியான, உயரமான மனிதர். கைகளில் வெள்ளைக் கையுறை. பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல ஒரு இசைத்தட்டை ஏந்தியிருந்தார். அவருடைய தட்டுக்கு அசல் உறையே இருந்தது. அதில் வாசித்தவரின் படமும் பெயரும் இருந்தன.

“உங்க தட்டு கொஞ்சம் உடம்பு சரியில்லாததுன்னு கேள்விப்பட்டேன்,” என்றார் லிவிங்ஸ்டன் பணிவாக. “அதான் நம்மளத எடுத்து வந்தேன். பாருங்க, நம்ம ஆளு படம். பேரு வந்து...”

ஓபேத் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “பேரு வேணாம் அண்ணே. இத்தன வருஷம் பேர் இல்லாமலேயே பழகிட்டோம்.”

படத்தை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட நோஞ்சான் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஓபேத் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தீர்ப்பு சொல்ல அட்டரிட்ஜ்வில்லிலிருந்து பெர்தா அக்கா வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மடியில் கைப்பை, கைப்பைமேல் இரண்டு கை, சிரிப்பு என்பதே கிடையாது. விருந்தாளி முதலில் ஆடட்டும் என்றார். லிவிங்ஸ்டனின் தட்டு சுழல ஆரம்பித்தது.

மனிதர் ஆடினாரா மிதந்தாரா என்று சொல்வது கடினம். மாலைக்காற்றுக்காரர்கள் தோளை அசைக்கக்கூட மறந்துபோனார்கள். பிறகு அந்த இடம் வந்தது. டிங், டாங், டிங். மொக்காடி அம்மாள் முன்ஜாக்கிரதையாகத் தன் கனத்த காலைத் தூக்கிக் கணவரின் இடது பாதத்தின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

மறுபடி டிங் டாங் டிங் வரவில்லை. டிரம் அடங்கியது. பியானோ அடங்கியது. தட்டுக்காரன் மட்டும் தனியாக நின்று, ஒவ்வொரு டிங்காக, அடுத்ததை வைக்கலாமா வேண்டாமா என்று கேட்டுக் கேட்டு வைத்தான். வைத்ததெல்லாம் காற்றில் நின்று ஆடியது. பிறகு எல்லாரும் திரும்பி வந்து சேர்ந்துகொண்டார்கள், பாட்டு பழையபடி ஓடியது.

“இது என்னது?” என்றார் ஓபேத் மெதுவாக.

“பாட்டு,” என்றார் மொக்காடி அம்மாள்.

“நம்ம பாட்டுல இது இல்லியே. யாரு கொண்டு வந்து உள்ள வெச்சது?”

“அவன்தான் வெச்சிருக்கான். நீங்கதான் மிதிச்சு மிதிச்சுத் தாண்டிப் போயிருக்கீங்க.”

ஓபேத் கணக்குப் போட்டுப் பார்த்தார். ரேடியோ ஜெபத்தில் போனது, கடைப் பாட்டு பஸ்ஸில் போனது, டி.வி. செய்தியில் போனது. அதற்கெல்லாம் அடுத்தவரைக் குறை சொல்லலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? தன் ஆள் தன்னந்தனியாக நின்று பேசின ஒரே இடத்தைத் தன் காலாலேயே தினம் தினம் தள்ளிவிட்டிருக்கிறார். இனி அதற்கு எப்படி ஆடுவது என்றும் தெரியவில்லை. தோற்கப்போவது உறுதி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்த இடத்தை இன்னொரு தடவை கேட்கலாமே என்ற ஆசை தோல்விப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அவர் முறை வந்தது, லிவிங்ஸ்டனின் தட்டையே மறுபடி முதலிலிருந்து வைத்தார்கள். ஆடினார். நன்றாகவே ஆடினார், யாரோ ஒரு போலீஸ்காரரின் சாம்பல் கோட்டு தோளில் அழகாக விழுந்தது. டிங் டாங் டிங் நெருங்கியது. மிதிக்கவே கூடாது என்று இடது காலை வலது காலுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பின்னிக்கொண்டு அசையாமல் நின்றார்.

டிங், டாங், டிங்.

தலைவர் மிதிக்கிற மாதிரி இல்லை என்பதைச் சங்கம் பார்த்தது. பதற்றத்தில் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தது. இது கீறல் இல்லாத தட்டு என்பதும், மூன்று தடவை வரட்டும் என்று காத்திருக்க வேண்டும் என்பதும் அந்த அவசரத்தில் அதற்கே மறந்துபோனது. கைவிடலாமா? மாலைக்காற்றுச் சங்கம் மொத்தமும் நாற்காலியிலிருந்தபடியே இடது காலைத் தூக்கி, அவருக்காக, விசுவாசமாக, ஒரே மிதி மிதித்தது.

பலகைத் தரை குலுங்கியது. முள் ‘கர்ர்’ என்று ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு துள்ளி, அந்த இடத்தை அப்படியே தாண்டி அந்தப்பக்கம் விழுந்தது. ஓபேத்தின் கால்கள் அவரைக் கேட்காமலே பின்னல் அவிழ்ந்து, விழுந்த இடத்திலிருந்து தாளம் பிசகாமல் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டன. வருஷக்கணக்காக அப்படி விழுந்து பழகின கால்கள். முடிந்தபோது மாலைக்காற்று கைதட்டியது. சோவெட்டோக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“இது என்ன ஆட்டம்? பாட்டையே ஒதைச்சுத் தள்ளிட்டு ஆடறது?” என்றார் ஒருவர்.

பெர்தா அக்கா கைப்பையைத் தட்டினார். “உக்காருங்க. தட்டு என்ன வாசிச்சுதோ அதுக்கு ஆடறதுதான் போட்டி. அது தாண்டிச்சு, இவரும் தாண்டினாரு. ஒரு அடி பிசகல. ஆள் ஓபேத்தோட ஆளு. நானும் எத்தனையோ சங்கம் பாத்துட்டேன், இந்த மாதிரி ஒண்ணப் பாத்ததில்ல. இனிமே பாக்கவும் வேணாம்.”

லிவிங்ஸ்டன் தீர்ப்பைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. அவர் மேசையருகே போய்த் தன் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி வைத்து முள்ளை இறக்கினார். டிங், டாங், டிங். டிங், டாங், டிங். டிங், டாங், டிங். இப்போது அவருடையதிலும் கீறல் விழுந்திருந்தது, அதே இடத்தில். அவர் முள்ளைத் தூக்கிவிட்டார்.

“எங்கப்பா கோட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சு பஸ்ல கொண்டு வந்தது,” என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. “போகட்டும். ஆள் உங்க ஆளு. சட்டம் சட்டம்தான்.”

கைதட்டல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஓபேத் கூடத்தின் நடுவில் ஜெயித்தவராக நின்றுகொண்டிருந்தார். அப்படி ஒரு மோசமான முகத்தோடு ஜெயித்தவரை மமெலோடி பார்த்ததில்லை. பிறகு அவர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குனிந்து இடது சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார். பிறகு வலது. இரண்டையும் கழற்றிக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுக் காலுறையோடு திரும்பி வந்து தன் சங்கத்தைப் பார்த்தார்.

முதலில் மொக்காடி அம்மாள் கழற்றினார். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். ஊரிலேயே பளபளப்பான சப்பாத்துகளுக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. செயலாளரின் கட்டைவிரல் காலுறையைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. ஒருவருக்கு ஒரு கால் நீலம், ஒரு கால் பழுப்பு. பெர்தா அக்கா ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானும் கழற்றினார்.

“அண்ணே, நீங்க ஆடுங்க,” என்றார் ஓபேத்.

“எனக்கு உரிமை இல்லியே.”

“எனக்கு உரிமை இருக்குல்ல. நான் சொல்றேன். அந்த எடத்துக்கு எப்படி ஆடறதுன்னு உங்களுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. நீங்க அதுவரைக்கும் போங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

லிவிங்ஸ்டன் தயங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடுவுக்குப் போனார். தட்டு முதலிலிருந்து சுழன்றது. ஓபேத் மேசையின் முன்னால், போலீஸ்காரரின் கோட்டு தரையில் புரள, இரண்டு முழங்காலையும் ஊன்றிக் கண்ணைத் தட்டுக்கு நேராக வைத்துக்கொண்டார். டிங், டாங், டிங் என்று வந்தது. அது மறுபடி வருவதற்குள் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, முள் ஒரே ஒரு கோடு மட்டும் நகரும்படி, அதைத் தாங்கியிருக்கும் கம்பியின் முதுகைத் தன் சுண்டுவிரல் நுனியால் மெல்லத் தொட்டார்.